மலைமிதிவண்டிக்கு உறுப்புகள் தேர்தலும் பொருத்தலும்

கடைவீதியில் எம்டிபி என்று கேட்டு வாங்கப்படும் மலைமிதிவண்டி, ஃபிரேமில் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்தாலும், பல நிறுவனங்களின் உறுப்புகள் ஒன்றுசேர்ந்த பொருளாகும். ஃபிரேம் ஒருவருடையது; முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்களுடையது; கியரும் பிரேக்கும் பெரும்பாலும் ஜப்பானின் ஷிமானோவிடமிருந்தோ அமெரிக்காவின் ஸ்ராமிடமிருந்தோ வருபவை; டயர் வேறொருவருடையது. ஓர் உறுப்பைக் கழற்றி அவ்விடத்தில் வேறொன்றை மாட்டும் வாய்ப்பு இவ்வண்டிக்குப் பிறவியிலேயே அமைந்தது இதனால்தான். மாட்டியது பொருந்தாமல் போகும் ஆபத்தும் அதனோடு உடன்பிறந்தது. இத்துறையில் நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி எந்த உறுப்பு சிறந்தது என்பதையே சுற்றி வருகிறது. ஆனால் இந்த ஃபிரேமில் எது பொருந்தும் என்பது முதலிலும், எதை மாற்றினால் ஓட்டம் உண்மையில் மாறும் என்பது அடுத்தும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். விலையும் எடையும் அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மலைமிதிவண்டியின் வரலாறே உறுப்பு மாற்றத்தின் வரலாறுதான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் ஷ்வின் நிறுவனம் செய்த கனத்த பலூன் டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதைகளில் இறக்கினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே 1976 அக்டோபரில் தொடங்கிய ரீபேக் பந்தயத்தின் தடம் ஏறத்தாழ 2 மைல் தொலைவுக்குள் 1300 அடி இறங்குவது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கின் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் அந்த ஒரே இறக்கத்தில் கருகிப் புகைந்துவிடும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. எனவே அவர்கள் டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரையும் கொண்டுவந்து மாட்டினர். ஏறுவதற்குக் கியர்களைச் சேர்த்தனர். இப்பயன்பாட்டுக்கென்றே ஜோ பிரீஸ் 1977இல் ஃபிரேம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்ப்பர் தொழிற்சாலைப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. 1982இல் ஷிமானோ தன் டியோர் எக்ஸ்டி வரிசையை வெளியிட்டது. 1989இல் ராக்‌ஷாக்ஸின் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்தது. பழைய பலூன் டயர் 26 அங்குலமாக இருந்ததால் மலைமிதிவண்டியின் சக்கரமும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் 26 அங்குலமாகவே இருந்தது. அந்த அளவை யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. கையில் கிடைத்தது நிலைத்துவிட்டது.

சக்கர அளவு மாறியபோது என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்த்தால், உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்பது விளங்கும். டயர் ரிம்மில் அமரும் விளிம்பின் விட்டமே சக்கரத்தின் உண்மையான அளவாகும். அது 26 அங்குல வகையில் 559 மி.மீ., 27.5 அங்குல வகையில் 584 மி.மீ., 29 அங்குல வகையில் 622 மி.மீ. என்று உலகெங்கும் வரையறுக்கப்பட்டுள்ளது. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் எளிதில் ஏறிக் கடக்கும். ஆனால் ஹப்பின் அகலம் மாறாமல் சக்கரம் மட்டும் பெரிதானால் ஸ்போக்குகள் மேலும் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டு விசையைத் தாங்கும் வலிமை குறையும். இதற்கு மாற்றாக 2014இல் பூஸ்ட் என்ற பெயரில் பின்ஹப்பின் அகலம் 142 மி.மீ. என்பதிலிருந்து 148 மி.மீ. ஆக்கப்பட்டு, ஸ்போக் மாட்டும் விளிம்புகள் இருபுறமும் 3 மி.மீ. வெளியே தள்ளப்பட்டன. ஹப் அகன்றதும் பின்பல்சக்கரங்கள் வெளியே நகர்ந்தன; அவற்றோடு நேர்கோட்டில் நிற்க முன்பல்சக்கரமும் 3 மி.மீ. நகர வேண்டியிருந்தது, பிரேக் டிஸ்க்கும் இடம்பெயர்ந்தது, முன்ஃபோர்க்கும் 100 மி.மீ. என்பதிலிருந்து 110 மி.மீ. ஆனது. ஆக, ஒரு சக்கரத்தின் உயரம் கூடியதற்காக ஹப், ஃபிரேம், கிராங்க், ஃபோர்க் ஆகிய நான்கும் மாறின. இது விற்பனைத் தந்திரம் என்று குறை கூறியவர்கள் உண்டு. ஸ்போக்கின் சாய்வு பற்றிய பொறியியல் காரணம் மெய்யானதே. ஆனால் அந்த 6 மி.மீ. எண்ணற்ற நல்ல சக்கரங்களைப் புதிய ஃபிரேம்களுக்கு ஆகாதவையாக ஆக்கியதும் மெய்யே. பழைய 142 ஹப்பை 148 ஃபிரேமில் மாட்ட இருபுறமும் 3 மி.மீ. வளையங்களும் டிஸ்க்குக்கு ஒரு தனி வளையமும் கொண்ட இடைத்தொகுதிகள் கிடைக்கின்றன. அகன்ற ஹப்பைக் குறுகிய ஃபிரேமுக்குள் நுழைக்கத் தக்க வழி இல்லை.

ஆதலால் எதையும் வாங்குமுன் ஃபிரேமின் நான்கு இடங்களை அளப்பது முதல் வேலை: பின்சக்கர அச்சு அமரும் இடம், கிராங்க் செல்லும் அடிக்குழாய், ஃபோர்க் நுழையும் தலைக்குழாய், சீட் தண்டு இறங்கும் குழாய். வெர்னியர் காலிப்பர் ஒன்று இருந்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

அடிக்குழாயில் அமரும் பேரிங் தொகுதியைத் தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகள் பிபி என்று சொல்லும். இதில் மிகப் பழைய தரநிலையாகிய மரை வகை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பெயரால் பிஎஸ்ஏ என்று வழங்குகிறது. சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் பிஎஸ்ஏ சைக்கிள்களின் பெயரும் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான். மலைமிதிவண்டியில் இக்குழாய் 68 அல்லது 73 மி.மீ. அகலம் இருக்கும், செயின் இருக்கும் வலப்பக்கக் கப் இடமரை கொண்டது, அதாவது வழக்கத்துக்கு மாறாக இடப்புறம் சுற்றினால் இறுகுவது. இதை அறியாமல் வலப்புறம் சுற்றி இறுக்க முயன்று ஃபிரேமின் மரையையே சிதைத்துவிடுவது கடைகளில் அடிக்கடி நேரும் கேடு. பின்னர் மரையை நீக்கி, பேரிங் கப்பைக் குழாய்க்குள் அழுத்திப் பொருத்தும் பிரெஸ்ஃபிட் வகைகள் வந்தன. இதனால் ஃபிரேம் செய்வது எளிதாயிற்று, குழாயை அகலமாக்கவும் முடிந்தது. ஆனால் குழாயின் வட்டம் நூலிழை பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும் ஒலி எழுந்து ஓட்டுபவரின் பொறுமையைச் சோதித்தது. பல நிறுவனங்கள் மீண்டும் மரைக்கே திரும்பியிருப்பது இவ்வழக்கில் தீர்ப்புக்கு ஒப்பானது. கிராங்கின் அச்சுத் தண்டும் ஒரே தடிமனில் இல்லை: ஷிமானோவுடையது 24 மி.மீ., ஸ்ராமின் டப் வகை 28.99 மி.மீ., வேறு சில 30 மி.மீ. எனவே பிபி வாங்கும்போது குழாயின் வகை, தண்டின் தடிமன் ஆகிய இரண்டையும் சொல்லியே கேட்க வேண்டும்.

ஃபோர்க்கின் மேல்தண்டு முன்பு முழுவதும் 28.6 மி.மீ. தடிமனாக, நேராக இருந்தது. இன்று அது கீழே ஒன்றரை அங்குலமாக விரியும் கூம்பு வடிவம் பெற்றுவிட்டது. 34 மி.மீ. உள்விட்டம் கொண்ட பழைய தலைக்குழாயில் கூம்புத் தண்டு நுழையாது. 44 மி.மீ. குழாயில், கீழ்ப்பேரிங்கைக் குழாய்க்கு வெளியே வைக்கும் கப்பின் துணையோடு நுழைக்கலாம். நுழைந்துவிட்டால் போதும் என்று நீளமான ஃபோர்க்கைத் தேர்வதும் தவறு. அச்சிலிருந்து தலைக்குழாய் அடிவரை ஃபோர்க்கின் நீளம் 20 மி.மீ. கூடினால் தலைக்குழாயின் கோணம் சுமார் ஒரு பாகை சாயும், பிபி உயரும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும், தலைக்குழாய் ஒட்டப்பட்ட இடத்தில் விசை மிகும். ஃபிரேம் செய்தவர் குறித்துள்ள பெரும அளவைத் தாண்டினால் உத்தரவாதம் போகும் என்று எழுதியிருப்பது வெறும் மிரட்டல் அன்று. சீட் தண்டின் விட்டமோ 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. என வேறுபடும், மெல்லிய தண்டைத் தடித்த குழாயில் உறை வைத்து மாட்டலாம், மறுதலையாக முடியாது.

பொருத்தம் உறுதியானபின் எதை முதலில் மாற்றுவது என்ற கேள்வி எழும். பளபளக்கும் கியரே பலரின் கண்ணுக்கு முதலில் படுகிறது. ஆனால் ஓட்டத்தை மிகக் குறைந்த செலவில் மிகுதியாக மாற்றுவது டயர்தான். நிலத்தைத் தொடும் ஒரே உறுப்பு அதுவே. உலர்ந்த கெட்டி மண்ணுக்குத் தாழ்ந்த நெருக்கமான கட்டைகளும், சேற்றுக்கு உயர்ந்த இடைவெளியுள்ள கட்டைகளும் உகந்தவை. திசையும் பிடிப்பும் முன்சக்கரத்தைச் சார்ந்திருப்பதால் அங்கே மென்மையான ரப்பரும் சற்று அகன்ற டயரும், பின்னே வேகமாக உருளும் கெட்டி ரப்பரும் வைப்பது அனுபவம் கண்ட ஏற்பாடு. 2.4 அங்குல டயருக்கு 30 மி.மீ. அளவு உள்ளகலமுள்ள ரிம் பொருந்தும். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால் வளைவுகளில் டயர் பக்கவாட்டில் புரளும். ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பதையும் காற்றடித்தபின் அளந்து பார்க்க வேண்டும். சேறு ஒட்டிய டயர் ஃபிரேமின் உட்புறத்தை அரம்போல் தேய்த்துவிடும்.

இதற்கு அடுத்த படி ட்யூபை நீக்குவது. மாவிக் நிறுவனம் 1999இல் ட்யூப் இல்லாச் சக்கர முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. இன்று பரவலாக வழங்கும் முறையில் ரிம்மின் ஸ்போக் துளைகளை நாடாவால் மூடி, தனி வால்வு பொருத்தி, டயருக்குள் ரப்பர்ப்பால் கலந்த அடைப்புத் திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் திரவம் துளைக்கு ஓடி உறைந்து அடைக்கிறது. ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கிக் கிழியும் அபாயம் இல்லாததால் காற்றழுத்தத்தையும் கணிசமாகக் குறைக்கலாம். குறைந்த அழுத்தத்தில் டயர் நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து பிடிக்கும். வெப்ப நாட்டில் இத்திரவம் விரைவில் உலர்ந்துவிடும்; சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப மறப்பவருக்கு இதனால் ஆகும் பயன் ஒன்றுமில்லை.

டயருக்கு அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக்கின் பிடிப்பானை ஃபிரேமில் பொருத்த ஐஎஸ் என்ற பழைய முறையும் போஸ்ட் மவுண்ட் என்ற இன்றைய முறையும் உள்ளன. டிஸ்க்கை ஹப்பில் பொருத்த ஆறு திருகு முறையும் சென்டர்லாக் முறையும் உள்ளன. டிஸ்க்கின் விட்டம் 160, 180, 203 மி.மீ. எனப் பெரிதாகப் பெரிதாக நிறுத்தும் ஆற்றலும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் கூடும். சில நிறுவனங்கள் 203க்குப் பதில் 200 என்ற அளவைப் பின்பற்றுகின்றன. ஆரத்தில் ஒன்றரை மி.மீ. தான் வேறுபாடு என்று அலட்சியமாக ஒன்றுக்குரிய பிடிப்பான் இடைத்துண்டை மற்றதற்கு மாட்டினால், பிரேக் கட்டை டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி நிற்கும் அல்லது டிஸ்க்கின் ஆரக்கால்களில் உரசும். ஃபோர்க் தாங்கும் பெரும டிஸ்க் அளவையும் அதைச் செய்தவர் குறித்திருப்பார். விலை குறைந்த ஷிமானோ டிஸ்க்குகள் சிலவற்றில் ரெசின் கட்டை மட்டுமே பயன்படுத்துக என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகத்தூள் கட்டையை வைத்தால் டிஸ்க் விரைவில் தேயும்.

நீரழுத்தப் பிரேக்கில் மிகப் பெரிய பிழை எண்ணெயில் நேர்கிறது. ஷிமானோவும் மகுராவும் கனிம எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ஹோப்பும், ஸ்ராமின் பெரும்பாலான வகைகளும் கார்களில் ஊற்றும் டாட் வகைத் திரவத்தைப் பயன்படுத்துகின்றன, எனினும் ஸ்ராமின் சில புதிய வகைகள் கனிம எண்ணெய்க்கு மாறியுள்ளன. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் வாஷர் மற்றதில் ஊறி வீங்கிச் சிதையும் என்பதால் இரண்டையும் எக்காரணம் கொண்டும் மாற்றி ஊற்றலாகாது. டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கி, நீண்ட இறக்கத்தில் லீவர் வெற்றாக உள்ளே போகும். கடற்கரை ஊர்களிலும் மழை மிகுந்த மலையூர்களிலும் அதை ஆண்டுதோறும் மாற்றுவது நல்லது. பிரேக் மாட்டியபின் உரசல் ஒலி கேட்டால் பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை: பிடிப்பானின் இரு திருகுகளையும் அது சற்று ஆடும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை இறுகப் பிடித்தபடியே திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால், கட்டைகள் டிஸ்க்கின் இருபுறமும் சமமாக அமர்ந்துவிடும். புதுக் கட்டையை மிதமான வேகத்திலிருந்து சுமார் 20 முறை மெல்ல நிறுத்திப் பழக்கியபின்னரே முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு எண்ணெயைத் தெளிப்பானால் அடிப்பவர்கள் டிஸ்க்கை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் கட்டையில் ஊறினால் அக்கட்டை பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

உடல் தொடும் இடங்கள் மூன்று: கைப்பிடி, சீட், பெடல். ஹேண்டில்பார் ஒரு காலத்தில் 580 மி.மீ. அகலமும் அதைத் தாங்கும் ஸ்டெம் 120 மி.மீ. நீளமும் இருந்தன, இன்று பார் 760 முதல் 800 மி.மீ. வரை அகன்று, ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. இது புதிய ஃபிரேம்களின் நீளத்தோடு சேர்ந்து நிகழ்ந்த மாற்றம் என்பதால், பழைய குறுகிய ஃபிரேமில் குட்டை ஸ்டெம்மை மாட்டினால் முழங்கால் பாரில் இடிக்கும். தோள் குறுகியவர் 800 மி.மீ. பாரை அப்படியே வைத்திருப்பதும் வீம்பே. இரு முனையிலும் சம அளவு வெட்டிக் குறைப்பதற்காகத்தான் அதில் கோடுகள் இடப்பட்டுள்ளன. பாரைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் 31.8, 35 என இருவகைப்படும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தா.

ஸ்டெம் பொருத்துவதில் வரிசை முக்கியம். தலைமூடியின் திருகு பேரிங்கின் ஆட்டத்தை நீக்க மட்டுமே உள்ளது. ஸ்டெம்மின் பக்கத் திருகுகள் தளர்ந்திருக்கும்போது அதை மெல்ல இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டம் நின்றதா என்று பார்த்து, ஃபோர்க் தடையின்றித் திரும்புகிறதா என்றும் பார்த்து, அதன் பின்னரே பக்கத் திருகுகளை 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டும். முறுக்குவிசை காட்டும் ஸ்பானர் வாங்கத் தயங்குபவர்கள் கார்பன் பார் ஒன்று விரிந்துபோனால் ஆகும் செலவை எண்ணிப் பார்ப்பது நல்லது. கார்பன் தொடும் இடத்தில் கிரீஸ் தடவாமல் மணற்பசை தடவ வேண்டும்; பெடல், பிபி போன்ற உலோக மரைகளில் கிரீஸ் தடவியே தீர வேண்டும். இடப்பெடல் இடமரை கொண்டது என்பதை எந்தச் சைக்கிள் கடைப் பையனும் அறிவான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டைத் தாழ்த்தி உயர்த்தும் டிராப்பர் தண்டு, கடந்த இருபதாண்டுகளில் வந்த உறுப்புகளில் ஓட்டமுறையையே மாற்றிய ஒன்று. இந்த எண்ணம் பழையது: 1984 அளவில் ஜோ பிரீஸ் முதலியோர் விற்ற ஹைட்‌ரைட் என்னும் ஸ்பிரிங் கருவியும் இதே வேலையைத்தான் செய்தது. செங்குத்து இறக்கத்தில் சீட் வழிவிட்டால் உடலைத் தாழ்த்திச் சமநிலை காக்கலாம். வாங்குமுன் விட்டத்தோடு குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்க முடியும் என்பதையும் அளக்க வேண்டும்; உள்ளே வளைவோ பாட்டில் தாங்கியின் திருகோ தடுத்தால் நீளமான டிராப்பர் முழுதாக இறங்காது.

கியர் பற்றிய முடிவு பெரும்பாலும் பின்ஹப்பில் அடங்கியிருக்கிறது. பல்சக்கரத் தொகுதியான கேசட்டைத் தாங்கும் உருளையில் மூன்று வகை பரவலாக உள்ளன: ஷிமானோவின் பழைய எச்ஜி, 2012இல் ஸ்ராம் கொணர்ந்த எக்ஸ்டி (XD), 2018இல் ஷிமானோ கொணர்ந்த மைக்ரோ ஸ்ப்ளைன். எச்ஜி உருளையில் 11 பல்லுக்குக் குறைந்த சக்கரம் அமராது. 10 பல் வேண்டுமானால் மற்ற இரண்டில் ஒன்று தேவை. ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிளின் நீளமும், செயினை நகர்த்தும் டீரெய்லர் எதிர்பார்க்கும் நீளமும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு நிறுவனத்தின் ஷிஃப்டரை மற்றொன்றின் டீரெய்லரோடு சேர்ப்பது பெரும்பாலும் பலிக்காது. எச்ஜி ஹப் உள்ளவர் 12 கியருக்கு ஆசைப்பட்டுப் புதுச் சக்கரம் வாங்குவது செருப்புக்காகக் காலைத் தறிக்கும் கதையாகும். அதே ஹப்பில் அமரும் 11 முதல் 51 பல் வரையிலான 11 கியர் கேசட்டுகள் உள்ளன, அவற்றின் வீச்சு பெரும்பாலான மலையேற்றத்துக்குப் போதும். கியர் சரியாக விழாதபோது டீரெய்லரைக் குறை சொல்லுமுன், அது தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழுந்த வண்டியில் அதுவே முதலில் வளையும். செயின் ஓர் அடி நீளத்தில் ஒன்றரை மி.மீ. நீண்டவுடன், அதாவது அரை விழுக்காடு தேய்ந்தவுடன், மாற்றிவிட்டால் விலையுயர்ந்த கேசட் பிழைக்கும்.

துணைக்கருவிகளைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. ஃபோர்க்கில் கட்டும் சிறிய மட்கார்டு, கையடக்கப் பம்ப், அலன் கீ தொகுதி, செயின் இணைக்கும் கொக்கி, உதிரி ஹேங்கர் ஆகியவை மலைப்பாதையில் தம் விலையை ஒருநாளிலேயே ஈட்டித் தரும். பக்க ஸ்டாண்டை மெல்லிய அலுமினியக் குழாயில் இறுக்கிக் கட்டினால் குழாய் நசுங்கும். கார்பன் குழாயில் அதை மாட்டவே கூடாது. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சாதாரணக் கேரியர் பொருந்தாது.

இந்தியச் சந்தையில் மலைமிதிவண்டியின் தோற்றத்தோடு விற்கப்படும் மலிவு வண்டிகள் பலவற்றில் பின்ஹப்பில் ஃப்ரீவீல் என்னும் மரை வகைப் பல்சக்கரமே உள்ளது. அதில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் தாங்கலின்றி நீளும் அச்சு, கரடான நிலத்தில் வளைந்துவிடும். அத்தகைய வண்டிக்கு டயர், பிரேக் கட்டை, பெடல், கைப்பிடி உறை ஆகியவற்றைத் தாண்டிச் செலவிடுவது வீண். நல்ல ஃபிரேம் கொண்ட பழைய 26 அங்குல வண்டியின் நிலை வேறு: அதற்குரிய டயரும், ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்கின் கட்டையும், பிஎஸ்ஏ பிபியும், எச்ஜி கேசட்டும் இன்றும் கிடைக்கின்றன. நேர்த்தண்டு கொண்ட தரமான சஸ்பென்ஷன் ஃபோர்க்தான் அரிதாகிவிட்டது. பழைய ஃபோர்க்கின் நீளத்திலிருந்து ஓட்டுபவரின் எடைக்கு அது அமிழும் அளவைக் கழித்து, அந்த நீளத்துக்கு ஒத்த சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீல் ஃபோர்க்கை மாட்டினால், கோணம் கெடாமல் அவ்வண்டி மேலும் பல ஆண்டுகள் ஓடும்.